ஏணி சின்னதுரை

பிக்கப் வண்டிக்கு சைடு ஸ்டெப் தேவையா என்று யார் கேட்டாலும், தேவை என்றுதான் சொல்வேன், சார். என் வண்டியை ஸ்டேஷன் வாசலில்தான் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள், போய்ப் பாருங்கள். பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டியின் இரண்டு பக்கமும், பின்சக்கரத்துக்கு முன்னால், ஒரு முழ நீளத்துக்குப் படி இருக்கும். குழாயில் செய்தால் மழைக்கு வழுக்கும் என்று, புடைப்பு போட்ட இரும்புத் தகட்டில் செய்யச் சொன்னேன். சேறு அடைக்கும், துரு பிடிக்கும், கண்டவனும் தொத்திக்கொண்டு வருவான், வெட்டிச் செலவு என்று சொல்பவர்கள் உண்டு. அதெல்லாம் உண்மைதான். ஆனால் அப்படிச் சொன்ன ஒருவன்கூட என் உயரத்தில் இல்லை.

என் உயரம் நாலடி பதினோரு அங்குலம். பண்ருட்டியில் பலாப்பழம் ஏற்றிவந்து நிலக்கரிச் சுரங்கத்து நகரியத்தில் பிளாக் பிளாக்காக விற்கிறேன். தரையில் நின்றால் தொட்டியின் விளிம்பு என் தோளுக்கு மேலே வரும். பழத்தைத் தொட முடியும், தூக்க முடியாது. இருபது வருஷமாக டயரில் கால் வைத்துத்தான் ஏறி இறங்கினேன். போன வருஷம் வலது முட்டி போய்விட்டது.

விஜயராஜ் என் மனைவி திலகவதியின் தம்பி. ஆறடிக்குக் குறையாத ஆள். மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை. லீவு நாளில் எனக்கு ஒத்தாசையாக வண்டியில் வருவான். நல்ல பையன், அதில் சந்தேகமே இல்லை. முட்டி வலிக்கு எனக்குத் தைலம் வாங்கிவந்து கொடுத்தவனும் அவன்தான். மாமன் மச்சான் கிண்டல் எங்கள் பக்கத்தில் எல்லா வூட்டிலும் உண்டு. அதற்குக் கோபித்துக்கொண்டால் ஊரே சேர்ந்து சிரிக்கும். அதனால் நான் ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை.

போன வருஷம் சீசன் தொடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை, மார்க்கெட்டில் நல்ல கூட்டம். நான் டயரில் கால் வைத்து ஏற முடியாமல் திணறிக்கொண்டிருந்தேன். அவன் பின்னால் வந்தான். என் அக்குளில் இரண்டு கையையும் கொடுத்து, குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கித் தொட்டிக்குள் விட்டான். “குந்து மாமா, பள்ளிக்கூட வண்டி கெளம்புது” என்றான். மார்க்கெட்டே சிரித்தது. பழத்தின் முள் உள்ளங்கையில் குத்தி ரத்தம் வந்தது. எனக்கு வலித்தது அது இல்லை. திலகவதியும் அங்கே நின்றிருந்தாள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். ராத்திரி சாப்பாட்டின்போது கேட்டேன். “சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன். அதுக்கு இன்னா இப்போ?” என்றாள்.

மறுவாரமே படி வைத்தேன். முட்டி வலி குறைந்தது, வேலை பாதி நேரத்தில் முடிந்தது. விஜயராஜ் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான். “இன்னா மாமா, ஏணி மாட்டிகினு வந்துட்ட?” என்றான். அன்றிலிருந்து என் பெயர் ஏணி. ஏணி வந்துட்டாரு, ஏணி கிட்ட பழம் நல்லா இருக்கும், ஏணி இன்னிக்கு லீவு. ஒவ்வொரு பிளாக்கிலும் அதுதான் பெயர்.

இதுவும்கூடப் பழகிவிட்டது, சார். பழகாதது ஒரு பத்திரிகை. குவார்ட்டர்ஸில் என்னிடம் வாடிக்கையாகப் பழம் வாங்குகிறவர் ஒருவர், தென்காசிப் பக்கத்து ஆள், பெர்மனென்ட் எம்ப்ளாயி, மகள் கல்யாணத்துக்கு அழைக்க மனைவியோடு எங்கள் வூட்டுக்கு வந்தார். வெற்றிலை பாக்குத் தட்டில் வைத்து, மரியாதையாக நின்றுகொண்டுதான் கொடுத்தார். கவர் மேல் அழகான கையெழுத்தில் ‘திரு. ஏணி சின்னதுரை குடும்பத்தார்’ என்று எழுதியிருந்தது. நகரியத்தில் எல்லா மாவட்டத்து ஆட்களும் இருக்கிறார்கள். பெயருக்கு முன்னால் ஊர்ப்பெயர் வருவது சகஜம். அவர் ஏணியை எங்கள் ஊர் என்று நினைத்துவிட்டார். “ஏணிங்கது எந்தப் பக்கம் அண்ணாச்சி?” என்று கேட்டார். “இங்கதாங்க, பக்கத்துல” என்றேன். வேறு என்ன சொல்வது.

விஜயராஜ் அந்தக் கவரை ஸ்டியரிங்குக்கு எதிரே ஒட்டி வைத்தான். கிழித்தால் எனக்கு உறைத்துவிட்டது என்று ஆகிவிடும். மூன்று வாரம் அதைப் பார்த்துக்கொண்டேதான் வண்டி ஓட்டினேன். அந்த மூன்று வாரத்தில் நிதானமாக யோசித்துத்தான் முடிவு செய்தேன். வெறியில் செய்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

மார்க்கெட்டின் பின்வாசலில், லாரி நுழையாமல் இருக்க இரண்டு கான்கிரீட் தூண்கள் உண்டு. என் வண்டி நுழையும், படிக்கும் தூணுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டு. ஒரு புதன்கிழமை காலையில், மார்க்கெட் இல்லாத நாளில் போனேன். இடது படியில் ஒரு பலாப்பழத்தைக் கோணியில் போட்டு, வெளியே துருத்திக்கொண்டிருக்கும்படி கட்டினேன். முதல் தடவை தோல்தான் உரிந்தது. இரண்டாவது தடவை கயிறு அறுந்து பழம் கீழே விழுந்தது. மூன்றாவது பழம் சரியாக நசுங்கியது. டயர் போக வேண்டிய இடத்தில் செங்கல் துண்டால் ஒரு கோடு போட்டேன். சுளைகளை வீணாக்கவில்லை. கழுவி எடுத்து, வாசலில் டீக்கடை வைத்திருக்கும் மாணிக்கம்மாளிடம் கொடுத்தேன். பேரப்பிள்ளைகள் ஆசையாகச் சாப்பிட்டதாகச் சொன்னாள்.

அவனைப் படியில் ஏற்றுவதுதான் சிரமம். அவன் கை நீளம், தரையில் நின்றே எடுத்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமை காலை பெரிய பழத்தைத் தொட்டியின் நடுவில் வைத்து, சுற்றிச் சின்னப் பழங்களை அடுக்கினேன். பின்கதவைத் தார்ப்பாய்க் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். பின்வாசலுக்கு நாலடி முன்னால் நிறுத்தி, மாணிக்கம்மாளுக்கு அந்தப் பெரிய பழத்தை எடுத்துக் கொடு என்றேன். எட்டிப் பார்த்தான், எட்டவில்லை. படியில் இரண்டு காலும் வைத்து, வயிறு விளிம்பில் பட, உள்ளே குனிந்தான். “மாமா, உன் ஏணி இன்னிக்கு எனக்கே ஒதவுது பாரேன்” என்றான்.

அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு வருஷமாகக் காத்திருந்தேன், சார். கேட்டதும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் இன்ஜினை அணைக்கவில்லை.

விஜயராஜுக்கு எதற்கெடுத்தாலும் ரைட்டு சொல்கிற பழக்கம். சாப்பிட்டியா என்றால்கூட ரைட்டு மாமா என்பான். “பழுத்ததா பாத்து எடு” என்று ஜன்னல் வழியாகச் சொன்னேன். “ரைட்டு மாமா, ரைட்டு” என்று கத்தினான். வண்டிப் பக்கத்தில் ஒருத்தன் ரைட்டு என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மாணிக்கம்மாளுக்கும் கேட்டது, சுற்றி நின்ற பத்துப் பேருக்கும் கேட்டது. நான் கிளட்சை விட்டேன்.

அவன் இடுப்பு தூணுக்கும் தொட்டிக்கும் நடுவே போனது. பலாப்பழம் நசுங்குகிற சத்தம் வேறு, இது வேறு. காய்ந்த முந்திரிக் கிளையை முழங்காலில் வைத்து ஒடிப்பது போல இருந்தது. எல்லோரும் கத்தினார்கள். ரிவர்ஸ் போட்டேன், இன்னொரு தடவை அரைபட்டுக் கீழே விழுந்தான். அவன் கால்கள் பின்சக்கரத்துக்கு முன்னால் கிடந்தன. மறுபடியும் முதல் கியர் போட்டேன். பதறிப்போய் கியரை மாற்றிப் போட்டுவிட்டார், பாவம் என்று மாணிக்கம்மாள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். இருபது வருஷத்தில் எனக்குக் கியர் மாறியதே இல்லை.

மூன்று நாள் உயிரோடு இருந்தான். நான்தான் பக்கத்தில் இருந்து ஸ்பூனால் தண்ணீர் கொடுத்தேன். திலகவதி என் தோளில் சாய்ந்து அழுதாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சாய்ந்தது அப்போதுதான். நேற்று விடியற்காலை அவன் போய்விட்டான்.

இன்று காலை எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, அவன் ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினீர்கள். “எங்க மாமா மேல தப்பு இல்லீங்க. நான்தான் ரைட்டு சொன்னேன். அவரு ஆளு குள்ளம், சீட்டுல குந்துனா எடது கண்ணாடி அவருக்குத் தெரியாதுங்க. பாவம், வுட்டுடுங்க.” ஸ்டேஷன் ரைட்டர் குனிந்துகொண்டு சிரித்தார். நீங்கள் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தீர்கள். திலகவதி, “ஆமாங்க சார், அவருக்கு எட்டாது” என்றாள். விபத்துதான், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள் என்றீர்கள். போட்டேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் போனேன், பஸ் வந்தது, ஏறவில்லை.

பாவம் பார்த்துத் திரும்பி வந்தேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு அவன் மேல் கோபமும் இல்லை. செத்தவன் தவறாகச் சொன்னது உண்மை என்று எழுதப்பட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். திலகவதி வெளியே பெஞ்சில் இருக்கிறாள், நான் இப்போது சொன்னதை எழுதி, முதலில் அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். இடது கண்ணாடியை என் கண்ணுக்கு நேராக நானே திருகி வைத்திருந்தேன், சார். அதில் அவன் முழுசாகத் தெரிந்தான், ஆறடியும்.