பம்புசெட்டுப் பலகை

...தெறக்க மட்டுந்தான் தெரியுமா சார் உங்க ஆளுங்களுக்கு? கேட்டுன்னு ஒண்ணு இருந்தா மூடவும் செய்யணும். காலைலேர்ந்து வரிசையா வந்தாங்க, சேத்த வாரி எறைச்சுக்கிட்டு உள்ள பூந்தாங்க, ஒருத்தராவது திரும்பிப் பாக்கணுமே. குட்டைக்கொம்பு மாடு வெளிய போயி சோளத்துல வாய வச்சுட்டு நிக்குது. நீங்க விசில் ஊதினீங்க, அது இன்னும் நாலடி உள்ள போயிடுச்சு. சரி விடுங்க, உக்காருங்க. மேசை எங்களுது, நாற்காலி எங்களுது, கேட்டுக்கும் மரத்துக்கும் நடுவுல கொடி கட்டிருக்கீங்களே, அந்தக் கயிறும் எங்க மாட்டுக் கயிறு. நீங்க விசில் மட்டும் கொண்டாந்திருக்கீங்க.

ஒங்களச் சொல்லி என்ன பண்றது. எல்லாம் எங்க வீட்டுக்காரர் இழுத்து விட்டது. 'சைக்கிள் பந்தயம் நம்ம வாசல்ல வந்து முடியட்டும், நமக்குத்தான் பெருமை'ன்னு அவருதானே உங்க கிளப்புல வந்து சொன்னாரு. வாசல் கூட்டறது யாரு? நானு. பெருமை யாருக்கு? அவருக்கு.

டாக்டர் ஒரு வார்த்தை சொன்னாரு சார், உடம்ப அசைக்கணும்னு. நான் கேட்டேன், ஏன் டாக்டர், விடிஞ்சா மாட்டுக்குத் தீனி அள்ளிப் போடறாரு, ஏத்தத்துலயும் எறக்கத்துலயும் பால் கேன் தூக்கறாரு, இதுல எந்த எடம் அசையலன்னு. அதெல்லாம் வேலையாம். வேலை கணக்குல சேராதாம். எங்கயும் போகாம, எதையும் தூக்காம, கெளம்பின எடத்துக்கே சுத்தி வந்தாத்தான் உடற்பயிற்சியாம். அன்னைக்குப் புடிச்சது. வீட்டுக்கு வந்துச்சு பாருங்க ஒரு சைக்கிள், டயரு என் கை மொத்தம். முன்னாடி ஸ்பிரிங்கு வேற. ஒரு கேரியர் உண்டா, ஒரு மணி உண்டா? ஒரு கட்டு புல்லு கொண்டாற முடியுமா அதுல? முடியாது. அதுதான் அதோட பெருமையாம்.

அப்புறம் அந்தக் கால்சட்டை. உக்கார்ற எடத்துல பஞ்சு வச்சுத் தச்சது. அதப் போட்டுக்கிட்டு மொத நாள் தொழுவத்துக்குள்ள வந்தாரு, குட்டைக்கொம்பு பால அடக்கிடுச்சு. அதுக்கு ஆள் தெரியல, பாவம். ராத்திரி தூக்கத்துல கால ஒதைக்கறாரு சார், கனவுலயும் மேடு ஏறறாரு. போர்வை எங்க போச்சுன்னு நான் தேடணும்.

உங்க ஆளுங்க மட்டும் லேசுப்பட்டவங்களா. சைக்கிள் ஓட்ட வர்றவங்க கார்ல வர்றாங்க. சைக்கிள் கார் மேல ஏறி வருது. எறக்கி, தொடச்சு, பளபளன்னு பண்ணி, நேரா கொண்டு போயி ஆத்தோரச் சேத்துல விடறாங்க. பெறகு கரடு ஏறி, காட்டு வழியா எறங்கி, மறுபடி ஏறி, மேலெல்லாம் சேறா வந்து நின்னு போட்டோ எடுத்துக்கறாங்க. நாங்க தெனமும் அப்படித்தான் சார் வீட்டுக்கு வர்றோம். எங்கள யாரு போட்டோ எடுத்தா?

தண்ணி குடிங்க. குழாத் தண்ணிதான், நல்லாத்தான் இருக்கும்.

ஏன் சார்... பம்புசெட்டுகிட்ட வழி ரெண்டாப் பிரியுதுல்ல, அங்க அம்புக்குறி போட்டு ஒரு பலகை நட்டிருந்தீங்களே, எல்லாரும் அதப் பாத்துத்தானே வந்திருப்பாங்க? இல்ல, சும்மா கேட்டேன். ஓ... பலகைய யாரும் பாக்கறதில்லையா. கைப்பிடில அந்தச் சின்னப் பெட்டி இருக்கு, அது வழி சொல்லிடுது. எல்லாருகிட்டயும் இருக்கா அது? எல்லாருகிட்டயும்...

எங்க வீட்டுக்காரரும் கேட்டாரு சார் அந்தப் பெட்டி. நாந்தான் வேண்டாம்னேன். பொறந்து வளந்த மண்ணு, கண்ணக் கட்டி விட்டாலும் வீடு வந்து சேர வேண்டாமா, இதுக்கு ஒரு பெட்டி சொல்லணுமா, ஊர் சிரிக்கும்னேன். தப்பா? நீங்களே சொல்லுங்க. சொல்ல மாட்டீங்க, நீங்க அந்தப் பக்கத்து ஆளு.

ஆனா இவரு ஒரு மாதிரி மனுஷன். நான் சொன்னா காதுல ஏறாது, எழுதி வச்சா அப்படியே கேப்பாரு. மாட்டுத்தீவன மூட்டைல பின்னாடி பொடி எழுத்துல போட்டிருக்கும்ல, அத எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டுத்தான் மூட்டையப் பிரிப்பாரு. ஒரு தடவ டவுன்ல சிக்னல் ரிப்பேராகி செவப்பு அப்படியே நின்னு போச்சு. ஊரே கடந்து போகுது, இவரு பால் வண்டியோட நிக்கறாரு. நான் பக்கத்துல உக்காந்து கத்தறேன். 'செவப்பு இருக்குல்ல'ங்கறாரு. பால் அத்தனையும் திரிஞ்சுது சார் அன்னைக்கு.

மொதல்ல வந்தானே ஒரு பையன், கண்ணாடி போட்டவன், 'எனக்கு முன்னாடி பெரியவர் ஒருத்தர் போனாரே, இன்னும் வரலையா'ன்னு கேட்டான். செவப்புத் தொப்பி போட்ட பெரியவராம். வெயில்ல பையனுக்கு மூளை கலங்கிடுச்சுன்னு நெனச்சேன். எங்க வீட்டுக்காரராவது, எல்லாருக்கும் முன்னாடி வர்றதாவது. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாக் கூட கடைசியா வர்ற ஆளு.

காலைல கெளம்பறப்ப என்ன கேட்டாரு தெரியுமா? ஷூ கயித்த இறுக்கிக்கிட்டே, மூஞ்சியப் பாக்காம, 'நான் வந்து சேரறப்ப கேட்டுகிட்ட நின்னு ஒரு தடவ கை தட்டுவியா'ன்னு. கல்யாணமான நாள்லேர்ந்து என்கிட்ட இது வேணும்னு கேட்ட மனுஷன் இல்ல. நான் என்ன சொல்லிருக்கணும்? 'எனக்குப் பால் கறக்கற வேல இருக்கு, கை ஈரமா இருக்கும்'னேன். செவப்புத் தொப்பிய மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு.

கை தட்டறதுக்குன்னே ஒருத்தி இருக்கா எங்க குடும்பத்துல. என் ஓரகத்தி, கொழுந்தனார் பொண்டாட்டி. அந்தப் பம்புசெட்டுலேர்ந்து எடது கைப்பக்கம் எறங்கினா ஆத்தோரப் பள்ளத்துல அவ வீடு. வாயத் தொறந்தா தேன் ஒழுகும். அவ புருஷன் பல்பு மாட்டினாக் கைதட்டு. பாய உதறிப் போட்டாக் கைதட்டு. எங்க ஏணிய வாங்கிட்டுப் போயி படிய ஒடச்சுத் திருப்பிக் குடுத்துட்டு, 'அது மொதல்லயே அப்படித்தான் இருந்துச்சு அக்கா'ன்னா. அதுலேர்ந்து அவ வாசப்படி நான் மிதிக்கல. மிதிக்கவும் மாட்டேன்.

என்ன சார் மேசைய மடக்கறீங்க? எல்லாரும் வந்தாச்சா? எப்படி வந்தாச்சு? எங்க வீட்டுக்காரர் வரலையே. ஒரு ஆளு பாக்கின்னு நீங்களே சொல்றீங்க, அந்த ஒரு ஆளுக்கு வீடு இருக்கறது இங்கதான் சார். ஆள் விட்டுத் தேடப் போறீங்களா... ஆத்தோரமாவா? எதுக்கு ஆத்தோரம்? அந்தப் பக்கம் எறக்கம் வழுக்கும், கால்வா மேல ஒத்தப் பலகதான் போட்டிருக்கும்...

சார், கொஞ்சம் இருங்க. ஒண்ணு சொல்றேன், கத்தக் கூடாது.

காலைல அந்தப் பக்கம் மாடு ஓட்டிட்டுப் போனேன். அந்த அம்புக்குறிய... லேசா... எடது பக்கம் திருப்பி வச்சேன். எதுக்குன்னா என்ன சார், என் ஓரகத்தி வாசல்ல உங்க ஆளுங்க அத்தன பேரும் போயி முட்டிக்கிட்டு நிக்கட்டும்னுதான். இவரு ஒருத்தருக்குத்தான் வீடு எந்தப் பக்கம்னு தெரியும். இவரு மட்டும் நேரா வருவாரு, மொத ஆளா வருவாருன்னு... ஆமா சார், அவரு ஜெயிக்கணும்னுதான். வாயால திட்டினா மனசுல இருக்கக் கூடாதா? கை ஈரமா இருக்கும்னு சொன்னேனே ஒழிய, திரும்பி வந்ததுலேர்ந்து இந்தக் கேட்டு பக்கத்துலயேதான் நிக்கறேன், நீங்கதான் பாக்கறீங்களே. பால் இன்னும் கறக்கல. அந்த மாடு கத்தறது அதுக்குத்தான்.

உங்க ஆளுங்க பெட்டியப் பாத்துட்டு வலது பக்கம் வந்துட்டாங்க. பலகையப் பாக்கறதுக்குன்னு இந்த ஊர்ல ஒரே ஒரு மனுஷன்...

போன் அடிக்குது சார், எடுங்க. எடுங்கன்னு சொல்றேன்ல.

கெடச்சாச்சா? அடி கிடி? முட்டில சிராய்ப்பு மட்டுந்தானா, நல்லாப் பாத்தாங்களா? அப்பாடி. எங்க இருக்காரு? ...பள்ளத்துலயா. அவ வீட்டுலயா.

டீ குடிக்கறாரா.

இல்ல, சொல்லுங்க, முழுசாச் சொல்லுங்க. வீடு வலது பக்கம்னு அவருக்குத் தெரியும், ஆனா பலகை எடது பக்கம்னு சொல்லுச்சு, கடைசி நேரத்துல பந்தயம் முடியற எடத்த மாத்திட்டாங்க போலன்னு நெனச்சுட்டாரு. அதானே? அதான் அவரு. பம்புசெட்டு வரைக்கும் அவருதான் முன்னாடியா... அந்தக் கண்ணாடிப் பையன் சொன்னது நெசந்தானா. பலகைய நான் தொடாம இருந்திருந்தா இந்தக் கயித்த மொதல்ல தாண்டி வந்திருக்கறது இவருதானா சார்.

அங்க போயி எறங்கினப்ப யாரும் இல்லன்னதும் தாந்தான் மொத ஆளுன்னு நின்னுட்டாரா. இன்னும் யாருமே வரலையேன்னு ஆச்சரியப்பட்டுக்கிட்டு இருக்காரா. யாரும் சொல்லலையா அவருகிட்ட?

அவ என்ன பண்ணினாளாம்?

...தட்டினாளா.

தட்டுவா. அவளுக்கென்ன, பல்புக்கே தட்டறவ. இவரு கண்ணு கலங்கிடுச்சாமா? போன்ல அதெல்லாமா சொல்றாங்க.

சார், நீங்க அந்தக் கயித்த அவுக்காதீங்க. மேசைய மறுபடி விரிங்க, அங்கயே போடுங்க. மெடல் ஏதாவது மிச்சம் இருக்குமே, பித்தளையோ தகரமோ, எடுத்து வைங்க. போன்ல என்ன சொல்லணும்னா, அது பாதி தூரந்தான், முடியற எடம் வீட்டு வாசல்தான், கெளம்பி வரச் சொல்லுங்க. நான் போயி கூட்டிட்டு வர மாட்டேன், அந்த வாசப்படி நான் மிதிக்க மாட்டேன்னு சொன்னேன்ல. பலகையப் பத்திக் கேட்டா மாடு இடிச்சுடுச்சுன்னு சொல்லுங்க. குட்டைக்கொம்புன்னே சொல்லுங்க, அதுக்குக் கெட்ட பேரு புதுசு இல்ல.

இந்தாங்க, இந்தத் துண்டுல கையத் தொடச்சுக்கறேன். நல்லாக் காஞ்சிருக்கா பாருங்க. ஏன் சார், இங்கேருந்து தட்டினா அந்தப் பள்ளம் வரைக்கும் கேக்குமா?