முன்கூட்டின் உட்புறத்தில் இருந்த ஒட்டு

பதிவு தொடங்கிய நேரம்: திங்கட்கிழமை, பகல் இரண்டு மணி ஐந்து நிமிடம்.

எனக்கு வயது முப்பத்தொன்று. பெயரையும் முகவரியையும் தனித் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பல் செட் செய்யும் கூடம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சை வைத்து, அதற்குப் பொருந்தும் பல்லை ரெசின் என்னும் பிசினில் வார்த்து, ராவி, மெருகேற்றிக் கொடுப்பது என் வேலை. திருமணம் ஆகவில்லை. உடன்பிறந்தவள் ஒரே ஒரு அக்கா. அவளுக்கு வயது முப்பத்தாறு. இந்த வாக்குமூலம் அக்காவின் கணவரைப் பற்றியது. அவரை நான் அத்தான் என்று அழைப்பதால் இதிலும் அப்படியே சொல்கிறேன். அக்கா இப்போது அவர் வீட்டில் தனியாக இருக்கிறாள். இதை முதலிலேயே எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அத்தான் லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் மேற்பார்வையாளர். ஆறு ஆண்டுகளுக்கு முன் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். என்னைவிடப் பத்து வயது மூத்த வண்டி. அடிச்சட்டம் இரும்பு. மேலே உள்ள உடல் முழுவதும் ஃபைபர், அதாவது கண்ணாடி நார்ப் பாயை அச்சில் விரித்து ரெசின் பூசி இறுக வைத்தது. வீட்டை ஒட்டிய ஷெட்டில் வைத்து அவரே அதைச் சரிசெய்துவந்தார். "உன் வேலைதான் இதுவும். வாய் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்" என்று சொல்லி என்னையும் சேர்த்துக்கொண்டார். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போவேன். பின்பக்கத்தையும் இரண்டு கதவுகளையும் நாங்கள் இருவரும்தான் மாற்றினோம். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

முன்பக்கம் மட்டும் காரோடு வந்த அசல் கூடு. விளக்குகள் பதியும் குழிகளோடு முழுவதும் ஒரே துண்டு. நாங்கள் அதை மூக்கு என்போம். அத்தான் அதன் மேல் யாரையும் கை ஊன்ற விடமாட்டார். ஒருமுறை அக்கா துணிக்கூடையை அதன் மேல் வைத்ததற்கு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் விடியற்காலையில் காரை எடுத்துக்கொண்டு வெளிவட்டச் சாலையில் ஒரு சுற்று போய்விட்டு வருவார். சில நாள் அக்காவையும் கூட்டிப்போவார்.

சுமார் மூன்று வாரங்களுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை, அத்தான் போன் செய்தார். "மூக்கைத் தூக்கிப் போட்டுடலாம்னு இருக்கேன், பல்லு. புதுசுக்குச் சொல்லியாச்சு." பல்லு என்பது அவர் எனக்கு வைத்த பெயர். ஏன் என்று கேட்டேன். "வயசாயிடுச்சு. பெயின்ட் பூரா வெடிப்பு" என்றார். அதற்கு ஒன்பது நாள் முன்புதான் அந்த மூக்கை நான் மெருகேற்றியிருந்தேன். வெடிப்பு எதுவும் இல்லை. அவர் பொருள், அவர் இஷ்டம் என்று விட்டுவிட்டேன்.

நேற்று, ஞாயிற்றுக்கிழமை, புது மூக்கு வந்திருக்கிறது என்று கூப்பிட்டதால் காலை பத்து மணிக்குப் போனேன். வழக்கமாக ஷெட்டின் ஷட்டர் முழுவதும் திறந்திருக்கும். தூசியெல்லாம் காயும் துணியில் படிகிறது என்று அக்கா அடுக்களை ஜன்னலில் இருந்து எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருப்பாள். நேற்று ஷட்டர் பாதிக்கு மேல் இறக்கப்பட்டிருந்தது. குனிந்துதான் உள்ளே போனேன். அடுக்களை ஜன்னல் சாத்தியிருந்தது.

பழைய மூக்கைக் காரிலிருந்து ஏற்கெனவே கழற்றி இரண்டு ஸ்டூல்களின் மேல் வைத்திருந்தார். பக்கத்தில் வெட்டும் மெஷின். மடித்து வைத்த ஆறு சாக்குகள். அத்தான் சொன்னார்: "முதல்ல இதைத் துண்டு போட்டுடலாம். சாக்குல அடங்குற அளவுக்கு."

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். புது ஃபைபர் கூடு எதுவும் வந்தவுடன் பொருந்தாது. துளைகள் இருக்காது. விளிம்பு அரை விரல் அதிகமாக இருக்கும். எங்கே துளையிடுவது, எங்கே ராவுவது என்பதைப் பழையதைப் பக்கத்தில் வைத்து அளந்துதான் செய்ய வேண்டும். புதியது உட்கார்ந்து கடைசி போல்ட் இறுகும்வரை பழையதை யாரும் வெட்ட மாட்டார்கள். அதற்குப் பிறகும் வெட்ட மாட்டார்கள். நாங்கள் மாற்றிய பழைய கதவுகள் இரண்டும் இன்றைக்கும் ஷெட்டின் சுவரில் தொங்குகின்றன.

"புதுசு உக்காரட்டும் அத்தான், அப்புறம் வெட்டலாம்" என்றேன்.

"இடத்தை அடைக்குது."

"அளவு வேணாமா?"

"அளவெல்லாம் என் தலைக்குள்ள இருக்கு."

"தலையை எங்க போல்ட் பண்றது?" என்று கேட்டேன். நாங்கள் எப்போதும் பேசுகிற பேச்சுதான்.

"சொன்னதைச் செய்" என்றார். எனக்கு அவரைப் பதினோரு ஆண்டுகளாகத் தெரியும். அந்தக் குரலை நான் கேட்டதில்லை. அதன் பிறகு சிரித்தார். "உங்க அக்காவுக்கு ஒரு கடைவாய்ப் பல் கட்டச் சொன்னா ஆறு மாசம் இழுக்கிறவ, எனக்கு மட்டும் ஒரே நாள்ல மூக்கு வச்சுடுவியா? சீக்கிரம் ஆரம்பி" என்றார்.

அதன் பிறகு இருவரும் முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டோம். நான் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டேன். உட்புறத்தில் இரும்புப் பட்டை ஏதாவது ஒட்டியிருந்தால் பிளேடு தெறிக்கும். அதனால் வெட்டுமுன் உள்ளே பார்ப்பது வழக்கம். மூக்கின் அடியில் குனிந்து நுழைந்தேன். அத்தான் சற்றுத் தள்ளி நின்று புது மூக்கின் விளிம்பை மெஷினால் ராவிக்கொண்டிருந்தார்.

வலது விளக்குக் குழிக்குக் கீழே ஒரு ஒட்டு இருந்தது. ஒரு சாண் அகலம். தொட்டேன். கையுறை ஒட்டிக்கொண்டது. முகமூடியை மீறி ரெசின் வாசனை வந்தது. பல மாதம் ஆன ஒட்டு இப்படி ஒட்டாது, இப்படி மணக்காது. ஃபைபர் நசுங்குவதில்லை, உடையும். உடைந்ததை உள்ளிருந்துதான் ஒட்ட முடியும். வெளியே எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் உள்ளே தெரியும்.

அதன் பிறகு விளக்கை நேராக அந்த ஒட்டின் மேல் காட்டினேன். ரெசினுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று வெளிச்சத்தைத் திருப்பி அடித்தது. வெள்ளி நிறம். ஒரு விரல் நீளம். தலையைத் திருப்பினேன், அணைந்தது. மறுபடி நேராகப் பார்த்தேன், எரிந்தது. அதைச் சுற்றி ஆரஞ்சு நூல்கள்.

நான் பஸ் ஏறும் நிறுத்தத்தில் மூன்று வாரமாக ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. உங்கள் காவல் நிலையம் ஒட்டியது. ஞாயிறு விடியற்காலை வெளிவட்டச் சாலையில் பெருக்கிக்கொண்டிருந்த பெண் பணியாளர், மோதிவிட்டு நிற்காமல் போன வாகனம், விவரம் தெரிந்தவர்கள் தெரிவிக்கவும். அவர் மூன்றாம் நாள் இறந்துவிட்டதாகப் பின்னால் ஒரு சீட்டை அதன் மேலேயே ஒட்டினார்கள். படத்தில் அவர் ஆரஞ்சு ஜாக்கெட் போட்டிருக்கிறார். தோளில் வெள்ளிப் பட்டை. தினமும் காலையில் பஸ் வரும்வரை அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

உடைந்த ஃபைபரின் விளிம்பு முள் மாதிரி இருக்கும். துணி மாட்டினால் லேசில் வராது. பிய்த்ததுபோக மிஞ்சியதன் மேலேயே நார்ப் பாயை வைத்து ஒட்டியிருக்கிறார். இது என் ஊகம். ஊகம் என்றே எழுதிக்கொள்ளலாம்.

மெஷின் சத்தம் நின்றது.

"என்ன பாத்த?" என்று கேட்டார். மிக அருகில் கேட்டது. மூக்கின் விளிம்புக்குக் கீழே அவருடைய இரண்டு செருப்புகளும் எனக்குத் தெரிந்தன.

"எலி, அத்தான். உள்ள கூடு கட்டியிருக்கு."

"எலியா?"

"பழசு. இப்ப இல்லை."

"கடிச்சுடப்போகுது. வெளிய வா."

வெளியே வந்தேன். அவர் முகமூடியைக் கழற்றவில்லை. கண் மட்டும் தெரிந்தது. என் கையுறைக்குள் வியர்வை தேங்கியிருந்தது. வெட்டும் மெஷினை எடுத்துப் பிளேடைத் திருப்பிப் பார்த்து, "இது மழுங்கிக் கிடக்கு. லேப்ல வைரத்தூள் பிளேடு இருக்கு, புதன்கிழமை கொண்டுவரேன்" என்றேன். பிளேடு மழுங்கியிருக்கவில்லை.

"புதன் வேணாம். நாளைக்குச் சாயங்காலம் வா. நாலு மணிக்கு நான் வந்துடுவேன்" என்றார்.

அதன் பிறகு புது மூக்கைத் தூக்கிச் சட்டத்தில் வைத்தோம். எடை அதிகமில்லை, ஆனால் இருவர் வேண்டும். ஏழு முறை ஏற்றி இறக்கினோம். ஒவ்வொரு முறையும் இடைவெளியை நான் குனிந்து பார்த்துச் சொல்ல வேண்டும். குனியும்போது அவர் என் பின்னால் நிற்பார். கேட்டதற்குச் சொல்கிறேன்: அவர் என்னைத் தொடவில்லை, மிரட்டவில்லை. "ரெண்டு மில்லி எடு" என்றார், எடுத்தேன். "போதும்" என்றார், நிறுத்தினேன். மூன்று மணிவரை இப்படியே நடந்தது. நான் நேற்று வைத்த இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்கும். போய்ப் பார்த்தால் தெரியும்.

கிளம்பும்போது அக்கா வாசல்வரை வந்தாள். "என்னடி, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்று கேட்டாள். தூசி என்றேன். சற்று நேரம் கேட்டின் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு, "நான் எதையும் பாக்கலைடி" என்றாள். நான் அவளை எதுவும் கேட்டிருக்கவில்லை.

கேள்விக்கு: விபத்து நடந்த அன்றைக்கு அக்கா காரில் இருந்தாளா என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்கப் பயந்தேன்.

இன்று அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பன்னிரண்டே காலுக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். நேராக இங்கே வராததற்குக் காரணம் கேட்டீர்கள். நீங்கள் வருவதற்குள் அவர் அதை வெட்டிச் சாக்கில் கட்டிவிட்டால், என்னிடம் காட்ட ஒன்றும் இருக்காது. அக்காவிடம், என் சின்ன கிரைண்டரை ஷெட்டில் விட்டுவிட்டேன் என்று சொன்னேன்.

"அவருக்கு போன் பண்ணிக் கேட்டுக்கவா?"

"அஞ்சு நிமிஷம்க்கா. வேலைக்கு லேட்டாகுது."

அவள் என்னைப் பார்த்தாள். அதன் பிறகு சாவியை எடுத்துவந்து அவளே ஷட்டரைத் திறந்தாள். உள்ளே வரவில்லை. பல் செட் அறுக்கும் கைவாளால் ஒட்டைச் சுற்றி அறுத்தேன். மெஷின் போட்டால் சத்தம் தெருவுக்குக் கேட்கும். பதினெட்டு நிமிடம் ஆனது. அந்தத் துண்டைப் பல் செட் அனுப்பும் அட்டைப் பெட்டியில் வைத்தேன். இப்போது தங்கள் மேசையில் இருக்கும் பெட்டி அதுதான். விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள் என்று நான் சொன்னபடி பார்த்தீர்கள்.

வெளியே வந்து, "என்கூட வா" என்றேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. "அவர் மணிக்கு ஒருதரம் போன் பண்றார்டி. நான் எடுக்கணும்" என்றாள். கையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. அந்த நேரத்தில் உள்ளே போன் அடித்தது. அவள் ஓடிப்போய் எடுத்தாள். நான் கதவருகே நின்றேன்.

"ஆமாங்க… சாப்பிட்டேன்… இல்லீங்க, யாரும் வரலை."

இதைச் சொல்லும்போது என் கையில் இருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அதன் பிறகு போனை வைத்துவிட்டு, போ என்று கையைக் காட்டினாள்.

அதன் பிறகு இரண்டு பஸ் மாறி இங்கே வந்தேன். வந்தபோது ஒன்று நாற்பது. எழுதுகிறவர் சாப்பிடப் போயிருந்ததால் காத்திருந்தேன்.

பழைய மூக்கு ஷட்டருக்கு நேராக நிற்கிறது. ஷட்டரைத் தூக்கினவுடன் முதலில் தெரிவது அதில் நான் அறுத்த ஓட்டைதான். சாவி யாரிடம் இருந்தது என்பது அவருக்குத் தெரியும். யாரும் வரவில்லை என்று சொன்னது யார் என்பதும் தெரியும். அவர் வீட்டுக்கு வருவது நான்கு மணிக்கு; மேலேயே சொல்லியிருக்கிறேன். இங்கிருந்து அந்த வீட்டுக்கு வண்டியில் இருபத்தைந்து நிமிடம் ஆகும். அக்காவை அழைத்துவர முதலில் ஒரு வண்டி அனுப்பும்படி இரண்டு முறை கேட்டேன். வாக்குமூலம் முடிந்து, கையெழுத்தாகி, பதிவேட்டில் எண் போட்ட பிறகுதான் ஆள் அனுப்ப முடியும் என்று சொல்லப்பட்டது. அக்கா காரில் இருந்திருந்தால் அவளையும் விசாரிக்க வேண்டிவரும் என்றும் சொல்லப்பட்டது. விசாரியுங்கள். இங்கே வைத்து விசாரியுங்கள்.

யாரும் சொல்லிக்கொடுத்து நான் பேசவில்லை. மேலே உள்ளவை என் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும்; ஊகத்தை ஊகம் என்றே சொல்லியிருக்கிறேன். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்குவது முறை என்றார்கள். படித்துக் காட்ட வேண்டாம் என்று நானே கேட்டுக்கொண்டேன். பிழை இருந்தால் பிழையோடு என்னுடையதாக ஏற்கிறேன். மணி மூன்று இருபத்தொன்பது. பேனாவைக் கொடுங்கள்.

(ஒப்பம்)