ரொட்டி சுடும் வேஷம்

மரீட் வைக்கும் காட்டரிசி சூப்பில் உப்பு எப்போதுமே குறைவுதான், ஐயா. இருந்தாலும் ஞாயிறு மதியம் அவள் வீட்டுக்கு நாங்கள் யாரும் போகாமல் இருந்ததில்லை. குடித்துவிட்டு மேஜையைச் சுற்றி உட்காருவோம். கற்பனை ஊர் ஒன்றில் நடக்கும் கதை விளையாட்டு; ஆளுக்கொரு வேஷம், கையில் பகடை. கதையை மரீட் நடத்துவாள்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். ஜாமீனில் வந்துவிட்டு வாய்தாவுக்கு வராதவர்களைப் பிடித்துக் கொடுத்துக் கூலி வாங்குகிறவன். ஆட்டத்திலும் அதே வேஷம் கேட்டேன்.

“என் ஊர்ல சட்டம் இருக்கு, க்ளென். காசுக்கு மனுஷன வேட்டையாடறவனுக்கு அங்க என்ன வேலை? ரொட்டி சுடறவனா வா,” என்றாள் மரீட்.

கூட ஆடும் டோபிக்குக் குஷி. “நெசத்துலயும் இவன வீட்டுக்குள்ள சேக்க ஆளில்ல. இங்கயாவது ரொட்டி சுட்டுப் பொழைக்கட்டும், விடு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் சுருக்கென்று தைத்தது, அதை மறைப்பானேன். கோடை முழுக்க ரொட்டி சுட்டேன்.

இலையுதிர் காலத்தில் டோபி இரண்டாவது முறையாகக் குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டினான். ஜாமீனில் வந்தவன் நவம்பர் கடைசியில் வாய்தாவைத் தவறவிட்டான். பிடிக்கும் வேலை என்னிடம் வந்தது. அந்த ஞாயிறு அவன் பகடை உருட்டும்போது கைவிலங்கை மேஜைமேல் வைத்தேன்.

“வாய்தா நாளைக்குத்தானடா?” என்றான். என் முகத்தைப் பார்த்தான். பின்கதவைத் திறந்துகொண்டு ஏரிப்பக்கம் ஓடினான்.

மின்னசோட்டாவில் டிசம்பர் தொடக்கத்து ஏரியை நம்பக் கூடாது, மேலே மெலிதாகத்தான் உறைந்திருக்கும். நடுவில் பனிக்கட்டி உடைந்து உள்ளே போனான். நான் விலங்கையும் வண்டியிலிருந்து கயிற்றையும் எடுத்துக்கொண்டு குப்புறப் படுத்து ஊர்ந்து போனேன். டோபி உடைந்த பனியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தான்.

“மொதல்ல ரெண்டு கையையும் நீட்டு,” என்றேன்.

கரையிலிருந்து மரீட் கத்தினாள். “விலங்க விடு க்ளென், கயித்தப் போடு.”

தொழிலுக்கு ஒரு முறை இருக்கிறது. விலங்கு மாட்டினேன். பிறகுதான் கயிற்றைக் கொடுத்தேன். விறைத்த கை, அதிலும் விலங்கு. அவனால் பிடிக்க முடியவில்லை, மூழ்கிப்போனான். அவனுக்காக இன்றும் வருந்துகிறேன்.

ஒன்றை மட்டும் என் வாக்குமூலத்தில் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். வாய்தாத் தாளைத் தொலைத்துவிட்டு டோபி என்னிடம்தான் தேதி கேட்டான். தினமும் கோர்ட்டில் நிற்கிறவன் என்று என்னை நம்பினான். ஒரு வாரம் தள்ளிச் சொன்னேன். வேட்டையாடுகிறவனுக்கு என்ன வேலை என்று மரீட் கேட்டாளே, அதைக் காட்ட ஓடுகிறவன் ஒருவன் வேண்டாமா?