டாக்சிக்குப் பின்னால் நாரத்தம்பூத் தண்ணீர்

வஹீபா: …இல்ல ஃபெல்லா, போதும். இது நாலாவது பாலம்.

ஃபெல்லா: அஞ்சாவது, அக்கா. காலையில பார்த்த கல்லுப் பாலத்தை விட்டுட்டே.

வஹீபா: இந்தக் கான்ஸ்டன்டைன்லயே பிறந்து, இங்கயே பல்லு விழுந்து முளைச்சவடி நான். எனக்கே ஊரைச் சுத்திக் காட்டறியா?

ஃபெல்லா: பதினொரு வருஷமா எட்டிப் பார்க்காதவளுக்குக் காட்டறேன். கம்பியைப் பிடி, காத்து அடிக்குது.

வஹீபா: ஆடுதுடி!

ஃபெல்லா: எப்பவும் ஆடறதுதான். சின்ன வயசுல இதே இடத்துல நின்னு நீ குதிப்பே, நான் அழுவேன்.

வஹீபா: நீ எதுக்குத்தான் அழல? ரொட்டி தீஞ்சா அழுவே. பெருநாள் ஆட்டுக்குப் பேர் வெச்சுட்டு அழுவே.

ஃபெல்லா: இப்பல்லாம் அழறதில்ல.

வஹீபா: ம்… அதையும் பார்த்தேன்.

ஃபெல்லா: கீழ பாரு, காக்காயெல்லாம் நமக்குக் கீழ பறக்குது. பறவையோட முதுகைப் பார்க்க வேற எந்த ஊருக்குப் போவே?

வஹீபா: இதை நேத்தே சொன்னே.

ஃபெல்லா: நேத்து வேற பாலம்.

வஹீபா: வெள்ளிக்கிழமை அந்தச் செவப்புக் கல்லு இடிபாடு. சனிக்கிழமை ராஜா சமாதி. ஞாயித்துக்கிழமை குளியல் கூடத்துல உன் கை என் முதுகுத் தோலையே உரிச்சிடுச்சு. நேத்து மியூசியம்…

ஃபெல்லா: மியூசியத்துல நீ பெஞ்சுல தூங்கிட்டே.

வஹீபா: உன் பொண்ணு தூங்க விட்டாத்தானே? ராத்திரி பூரா உதைக்கறா. ஆனா காலையில எழுந்ததும் என் தலையைப் பின்னி விடறா பாரு, அதுக்காகப் பொறுத்துக்கறேன். வா, வீட்டுக்குப் போலாம். இமானுக்கு எள்ளு ரொட்டி சுட்டுத் தரேன்னு சொல்லியிருக்கேன்.

ஃபெல்லா: இரு, ரபாஹ் கூப்பிடறார்… ஹலோ, சொல்லுங்க… இன்னும் காயலையா? காலையிலேர்ந்தா?… ஜன்னலைத் திறந்து வைங்க… மழை பெஞ்சா நான் என்ன பண்ணுவேன்?… ஆணியா? மூணு. ஆமா, மூணு. கனம் தாங்கணும்… சரி சரி, இப்போ கூட்டிட்டு வரல. இன்னொரு இடம் பார்த்துட்டு வரோம்.

வஹீபா: என்ன காயல?

ஃபெல்லா: துணி.

வஹீபா: உன் புருஷன் துணி காயப் போடறாரா?

ஃபெல்லா: திருந்திட்டார்.

வஹீபா: இருபது வருஷமா திருந்தாத மனுஷன், நான் வந்த வாரம் பார்த்துத் திருந்தினாரா? ஆணி எதுக்கு?

ஃபெல்லா: கொடி கட்ட. நீ நட. ரோப் கார்ல போகலாம், உக்காந்துட்டே போகலாம், கால் வலிக்காது.

வஹீபா: கொடி கட்ட ரெண்டு ஆணி போதும்.

ஃபெல்லா: அக்கா, நடக்கறியா?

வஹீபா: நடக்கறேன், நடக்கறேன். ஏன் ஃபெல்லா… இந்த ரோப் கார் தினமும் ஓடுதா? ஆஸ்பத்திரி பக்கம்தானே இறக்கி விடும்?

ஃபெல்லா: ஓடற நாள்ல ஓடும். ஏன்?

வஹீபா: சும்மா. முட்டிக்குப் பார்க்கிற டாக்டர் யாராவது அங்க இருக்காங்களா?

ஃபெல்லா: வலிக்குதா?

வஹீபா: இல்ல, சும்மாதான். மழைக்காலத்துல நம்ம தெருப் படி இன்னும் வழுக்குமா?

ஃபெல்லா: ஊர் சுத்த வந்தவ மாதிரியா பேசறே? வீட்டுத் தரகர் மாதிரி விசாரிக்கறே.

வஹீபா: நீ மட்டும் தங்கச்சி மாதிரியா இருக்கே? கைடு மாதிரி இழுத்துட்டு அலையறே.

ஃபெல்லா: ஏறு. கதவு மூடிடும்.

வஹீபா: அப்பா… எவ்வளவு ஆழம். ஆத்துல தண்ணியே இல்ல, ஆனா பள்ளம் மட்டும் அப்படியே இருக்கு. வியாழக்கிழமைக்குள்ள இன்னும் எத்தனை பாலம் வெச்சிருக்கே?

ஃபெல்லா: ரெண்டு.

வஹீபா: அப்புறம்?

ஃபெல்லா: அப்புறம் என்ன? நீ போயிடுவே.

வஹீபா: 'இன்னும் நாலு நாள் இரேன்'னு ஒரு பேச்சுக்காவது சொல்ல மாட்டியா?

ஃபெல்லா: மாட்டேன்.

வஹீபா: அவ்வளவு கோவமா?

ஃபெல்லா: கோவமில்ல. சத்தியம் பண்ணியிருக்கேன். அம்மா இறந்து நாப்பதாம் நாள், நீ கிளம்பும்போது வாசல்ல வெச்சுக் கேட்டேன். 'அம்மாவோட மாடி அறை காலியா இருக்குக்கா, இங்கயே இருந்துடு'ன்னு. அத்தனை பேர் முன்னாடி நீ என்ன சொன்னே?

வஹீபா: ஞாபகமில்ல.

ஃபெல்லா: 'இந்தப் படிக்கட்டு ஊர்ல ஆடுதான் வாழும்'னே.

வஹீபா: …ஆடுன்னா சொன்னேன்?

ஃபெல்லா: எதிர் வீட்டு ஸுஹ்ரா விழுந்து விழுந்து சிரிச்சா. இன்னிக்கும் நான் படியேறினா ஜன்னல்லேர்ந்து 'மே'ன்னு கத்துவா.

வஹீபா: அடடா… அதுக்கா அவ நேத்து கத்தினா? என்னவோ தொண்டை சரியில்லன்னு நினைச்சேன்.

ஃபெல்லா: சிரிக்காதே! அன்னிக்கே அம்மா பேர்ல சொல்லிட்டேன். இனிமே உன்னைக் கேக்கவே மாட்டேன்னு.

வஹீபா: நானும் கேட்டு வாங்கறவ இல்ல.

ஃபெல்லா: தெரியுமே. 'உங்க ரெண்டு பேர் கழுத்துலயும் ஒரே எலும்பு, திரும்பவே திரும்பாது'ன்னு அம்மா சும்மாவா சொன்னா.

வஹீபா: …இறங்கிட்டோமா? அந்தக் காபிக் கடைல உக்காரலாம். கால் ஒத்துக்குது, ஆனா மனசு காபி கேக்குது.

ஃபெல்லா: ரெண்டு காபி, தம்பி! ஒண்ணு சக்கரை கம்மியா… ஏன்க்கா, கேக்கணும்னு இருந்தேன். ஏப்ரல் மாசத்துல எதுக்கு மூணு கம்பளிக் கோட்டு எடுத்துட்டு வந்தே? பெட்டியைத் தூக்கின ரபாஹுக்கு இடுப்பே பிடிச்சுக்கிச்சு.

வஹீபா: கடலுக்கு அந்தக் கரையில, எங்க மார்ஸேயில காத்து அதிகம்.

ஃபெல்லா: மார்ஸேயில அடிக்கிற காத்துக்கு இங்க எதுக்குக் கோட்டு?

வஹீபா: அங்க விட்டுட்டு வந்தா பூச்சி அரிச்சிடும். என் பெட்டியை ஏன் நோண்டினே?

ஃபெல்லா: நோண்டல. அதுவா திறந்துக்கிச்சு, அவ்வளவு அடைச்சிருக்கே. பள்ளிக்கூடச் சமையல் வேலைலதானே இன்னும் இருக்கே?

வஹீபா: ம். காபி வந்துடுச்சு, குடி.

ஃபெல்லா: வியாழக்கிழமை எத்தனை மணிக்கு விமானம்? ரபாஹ் வண்டி எடுக்கணும்.

வஹீபா: மத்தியானம் இருக்கும்.

ஃபெல்லா: இருக்குமா? டிக்கெட்டைப் பாரேன்.

வஹீபா: எங்கயோ பையில கிடக்கு… ஆஹா. நாரத்தம்பூத் தண்ணி விட்டிருக்கான். ரெண்டே சொட்டு, காபியே வேற ஆயிடுது. மார்ஸேயில ஒரு பாட்டில் வாங்கிப் பார்த்தேன். சோப்பைக் கரைச்சுக் குடிச்ச மாதிரி இருந்துச்சு.

ஃபெல்லா: போன வாரம் நானும் இமானும் பூவைக் காய்ச்சி வடிச்சோம். உனக்கு நாலு பாட்டில் எடுத்து வெச்சிருக்கேன்.

வஹீபா: அம்மா வடிச்ச கடைசி பாட்டில் என்ன ஆச்சு? தலைத்தண்ணி. முதல்ல சொட்டினதை மட்டும் பிடிச்சு, வாயில துணி கட்டி, அலமாரிக்குள்ள இருட்டுல வெச்சிருந்தாளே.

ஃபெல்லா: காபி சூடா இருக்கு.

வஹீபா: நீ குடிக்கவே ஆரம்பிக்கல. என்னடி பண்ணினே அதை?

ஃபெல்லா: திட்ட மாட்டியே?

வஹீபா: திட்டுவேன். சொல்லு.

ஃபெல்லா: நீ அந்த ஆட்டுப் பேச்சைப் பேசிட்டு டாக்சில ஏறிட்டே. எவ்வளவு கோவம் இருந்தாலும், போறவங்க பின்னாடி தண்ணி ஊத்தணும்ல? இல்லன்னா திரும்பி வர மாட்டாங்கல்ல? தெருவே பார்த்துட்டு நிக்குது. குழாயைத் திறந்தா காத்துதான் வருது, அன்னிக்குத் தண்ணி விடாத நாள். டாக்சி கிளம்பிடுச்சு. உள்ள ஓடினேன், அழுதுட்டே அலமாரியைத் திறந்தேன், கைக்கு அகப்பட்ட பாட்டிலை எடுத்துட்டு ஓடி வந்து…

வஹீபா: அய்யோ.

ஃபெல்லா: …கவுத்துட்டேன். கல்லுல பட்ட அப்புறம்தான் வாசனையே வந்துச்சு.

வஹீபா: முழு பாட்டிலா?

ஃபெல்லா: கடைசிச் சொட்டு வரைக்கும்.

வஹீபா: அம்மாவோட தலைத்தண்ணி! டாக்சி புகைக்கு!

ஃபெல்லா: மூணு நாள் தெருவே மணத்துச்சுக்கா. ஸுஹ்ரா வந்து, 'நாப்பதாம் நாள் முடிஞ்ச கையோட வீட்டுல கல்யாணமா'ன்னு கேக்கறா… நீ என்ன, சிரிக்கறியா அழறியா?

வஹீபா: ரெண்டும்தான். அந்தத் துணியைக் கொடு… இது மேசை துடைக்கற துணிடி, உன் கைக்குட்டையைக் கொடு.

ஃபெல்லா: இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொல்லல. ஒவ்வொரு கோடைக்கும் நீ வராதப்போ நினைச்சுப்பேன். வெறும் தண்ணின்னா வந்திருப்பா, பூத்தண்ணி ஊத்தினதுல வழி பிசகிடுச்சுன்னு.

வஹீபா: பிசகல. மோப்பம் பிடிச்சுட்டே மெதுவா வந்தேன், அவ்வளவுதான்.

ஃபெல்லா: இந்தத் தடவை வெறும் தண்ணிதான். வாளில பிடிச்சு வாசல்லயே வெச்சுட்டேன்.

வஹீபா: இன்னிக்கு செவ்வாய்தானே ஆகுது!

ஃபெல்லா: குழாயை நம்ப முடியாது… இரு, திரும்பக் கூப்பிடறார். ஹலோ… காஞ்சிடுச்சா? தொட்டுப் பார்த்தீங்களா? விரல்ல ஒட்டலையே?… சரி, வரோம். காதைக் கழுவிக்கோங்க.

வஹீபா: துணி விரல்ல ஒட்டுமா?

ஃபெல்லா: எழுந்திரு, இருட்டறதுக்குள்ள படியேறிடலாம்.

வஹீபா: கையைக் கொடு… பேசாதே, எண்ணிட்டிருக்கேன்.

ஃபெல்லா: எதை?

வஹீபா: பேசாதேன்னு சொன்னேன்ல? முப்பத்தொண்ணு… முப்பத்திரெண்டு…

ஃபெல்லா: மூச்சு வாங்குது உனக்கு. உக்காரு.

வஹீபா: இங்க வேணாம். அறுபதுல உக்காரலாம். ரொட்டிக் கடைக்காரன் திண்டு அங்கதானே இருக்கு.

ஃபெல்லா: எல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்கே.

வஹீபா: மொத்தம் நூத்துப் பன்னெண்டு படி. வந்த அன்னிக்கு நாலு தடவை உக்காந்தேன். நேத்து ரெண்டு. இன்னிக்கு ஒண்ணுதான்.

ஃபெல்லா: அதை எதுக்குக் கணக்குப் பார்க்கறே?

வஹீபா: நீ எதுக்கு அஞ்சு நாளா என்னைப் பகல்ல வீட்டுக்கே விடல?

ஃபெல்லா: ஊர் காட்டத்தான்.

வஹீபா: ஃபெல்லா. உன் புருஷன் காதுல சனிக்கிழமையிலேர்ந்து நீலப் பெயிண்ட் ஒட்டியிருக்கு. அம்மாவோட மாடி அறை பூட்டியிருக்கு. பூட்டுலகூட நீலம்.

ஃபெல்லா: …வாடகைக்கு விடப் போறோம். ஒரு டீச்சர் கேட்டிருக்கா.

வஹீபா: ஓ.

ஃபெல்லா: ஆமா.

வஹீபா: நல்ல பொண்ணா?

ஃபெல்லா: கொஞ்சம் பிடிவாதக்காரி. கழுத்து திரும்பாது.

வஹீபா: அந்த மூணு ஆணில மாட்ட, டீச்சர்கிட்டயும் மூணு கோட்டு இருக்கா?

ஃபெல்லா: …படியைப் பார்த்து ஏறு. ஈரம்.

வஹீபா: நூத்துப் பத்து… நூத்துப் பதினொண்ணு… நூத்துப் பன்னெண்டு. அம்மாடி. வந்தாச்சு. இதுதான் நீ சொன்ன வாளியா?

ஃபெல்லா: அதேதான். கால்ல தட்டிடாதே.

வஹீபா: இந்தத் தண்ணியை ஜெரேனியம் செடிக்கு ஊத்திடு ஃபெல்லா.

ஃபெல்லா: ஏன்? திரும்பி வந்துடுவோமோன்னு பயமா?

வஹீபா: ஃபெல்லா…

ஃபெல்லா: இல்ல, சொல்லு. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிட்டுப் போ. நான் என்ன, அழுதுட்டா நிக்கப் போறேன்?

வஹீபா: அழுதுட்டுத்தான் நிக்கறே. மூக்கைத் துடை. போனாத்தானே திரும்பி வரணும்? வேலை ஜனவரியிலயே முடிஞ்சுது. மார்ஸேயில இருந்த ஆறாம் மாடி வீட்டுச் சாவியைப் போன மாசம் திருப்பிக் கொடுத்துட்டேன். டிக்கெட்டு வர்றதுக்கு மட்டும்தான் எடுத்தேன், வியாழக்கிழமை எந்த விமானமும் இல்ல. அம்மா பேர்ல சொன்ன சத்தியத்துக்கு நான் அம்மாகிட்ட பதில் சொல்லிக்கறேன்… அங்க பாரு, ஸுஹ்ரா ஜன்னலைத் திறக்கறா. நல்லதாப் போச்சு. அவ காதுல விழற மாதிரி, அன்னிக்குக் கேட்ட அதே மாதிரி… இன்னொரு தடவை கேளேன்.