அக்காவுக்கு ஓட்டுப் போட்டவர்கள்

கூட்டுறவு மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் மேற்பார்வையாளர் பொறுப்பிலிருந்து இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் அக்கா அவர்களுக்கு, உடன் உழைத்தோர் வாசித்து வழங்கும் மடல்

கறைகளைக் கண்டு கலங்காத காரிகையே! கொதிகலனைப் போலவே கொள்கையிலும் கொதிப்புக் குறையாத கோமகளே! வெள்ளை விரிப்புகளுக்கு விடியல் காட்டிய வித்தகியே! ஆவியிலும் அனலிலும் அயராது நின்று, அடுத்தவர் அழுக்கைத் தன் அழுக்காய் எண்ணி அலசிய எங்கள் அருமை அக்காவே! வணக்கம்.

இந்த அடைமொழிகள் சும்மா வந்து உட்காரவில்லை. 'செஞ்சுடரே' என்று தொடங்கலாம் என்றார்கள் நம் கூடத்துப் பெரிய கட்சிக்காரர்கள். சுடர் அவர்களுடைய சின்னமாயிற்றே, ஓய்வு பெறும் நாளிலேயே அக்காவை அமுக்கிப் பையில் போட்டுக்கொள்ளப் பார்க்கிறார்கள் என்று சின்ன கட்சிக்காரர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். 'விண்மீனே' என்று இவர்கள் சொல்ல, மீன் யாருடைய சின்னம் என்று எங்களுக்குத் தெரியாதா என்று அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். 'கோமகளே' என்பதற்கு மட்டும் இரு தரப்பும் ஒரே குரலில் முகம் சுளித்தது. மன்னராட்சி வாடை அடிக்கிறதாம். மோனை கெட்டுவிடும் என்று கெஞ்சித்தான் அதைக் காப்பாற்றினோம். இதை எழுதிய கை யாருடையது என்று கேட்காதீர்கள். அடுத்த கேள்வி எந்தக் கட்சி என்பதாகத்தான் இருக்கும்.

அழுக்குத்துணி பிரிக்கும் மேசையில் இளம்பெண்ணாகச் சேர்ந்தீர்கள். மூக்கைப் பொத்தாமல், முகம் கோணாமல், இரத்தம் தோய்ந்ததைத் தனியே, மருந்து தோய்ந்ததைத் தனியே என்று பிரித்துப் பிரித்து, சலவை இயந்திரம், உலர்த்தி, உருளை இஸ்திரி என ஒவ்வொரு படியாய் ஏறி, நாற்பது ஆண்டுகளாய் இந்தக் கூடத்தின் நரம்பாய் நின்றீர்கள். அறுவை அரங்குக்குப் போக வேண்டிய துணி ஒரு நாளும் தாமதமானதில்லை. தாமதமாகியிருந்தால் எங்கள் காது என்ன ஆகியிருக்கும் என்பது எங்களுக்குத்தான் தெரியும்!

பெரிய விரிப்பை ஒருவர் தனியாக மடிக்க முடியாது. இருவர் இரு முனை பிடித்து, எதிரெதிரே நடந்து வந்து சேர வேண்டும். அந்த ஜோடியைப் போட்டது நீங்கள். ஒரு முனைக்குப் பெரிய கட்சி, மறு முனைக்குச் சின்ன கட்சி என்று வம்படியாகப் போட்டீர்கள். "மூஞ்சியப் பாத்து மடிங்க. சுவரைப் பாத்து மடிச்சா கோணலாத்தான் வரும்" என்பீர்கள். ஒரே ஒரு ஜோடிக்கு மட்டும் விதிவிலக்கு இருந்தது: நீங்களும், உருளை இஸ்திரியில் நிற்கும் உங்கள் தங்கையும். இருவரும் சின்ன கட்சி. உங்கள் வேகத்துக்கு ஈடுகொடுக்க வேறு ஆள் இல்லை.

அந்த ஜோடி இன்று இல்லை. ஒரே வீட்டில் நீங்கள் மேல்மாடி, அவர் கீழ்மாடி. படியில் எதிர்ப்பட்டால் ஒருவர் சுவரோரம் ஒதுங்குகிறீர்கள். போன தேர்தல் முடிந்ததிலிருந்து உங்களுக்குள் ஒரு சொல் கிடையாது. அதைப் பேசாமல் வாழ்த்திவிட்டுக் கைதட்டிக் கலைந்தோமானால், நாளை உங்கள் சுவரில் தொங்கப்போவது வெறும் கண்ணாடிச் சட்டம்தான். ஆகவே பேசுகிறோம், பொறுத்தருள்க.

நம் வட்டத்து நகர்மன்ற உறுப்பினராக இருந்த வேறொரு கட்சிக்காரர், மருத்துவமனைக் குழுவிலும் இடம்பிடித்து, இந்தச் சலவைக்கூடத்தை இழுத்து மூடி, துணிகளை வெளி ஒப்பந்தக்காரரிடம் தள்ளிவிடத் துடித்தவர். அவரை அந்த நாற்காலியில் ஏற்றியது யார் என்பதில்தான் பல ஆண்டுச் சண்டை. பெரிய கட்சியின் சார்பில் அந்தச் சண்டையை நடத்தியவர், கொதிகலன் இயக்கும் நம் பாய்லர் அண்ணன். அளவுமானி சரியாகவே காட்டினாலும் முள்ளைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புகிறவர்.

"சின்ன கட்சிக்குப் போடுற ஓட்டு குப்பைக்கூடைக்குப் போடுற ஓட்டு. நீங்க ஓட்டைப் பிரிச்சீங்க, அவன் உள்ள வந்தான்" என்பார் அண்ணன்.

"பிரிச்சோமா? உங்க வீட்டுப் பெட்டியில இருந்த ஓட்டா அது, நாங்க திருடிட்டுப் போக?" என்பீர்கள் நீங்கள்.

இப்படியே போன தேர்தலின் வேட்புமனு வாபஸ் தேதி வரை ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே இருந்தீர்கள். அந்தத் தேதி தாண்டிய பிறகுதான் உடன்பாடு வந்தது. பெரிய கட்சி வேட்பாளராக, நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன டீச்சர் பெயரும் சின்ன கட்சி வேட்பாளராக உங்கள் பெயரும் வாக்குச்சீட்டில் அச்சாகிவிட்டன. ஆனால் நம் வட்டத்தில் சின்ன கட்சிக்காரர்கள் டீச்சருக்குப் போடுவது, ரயில் பாதைக்கு அந்தப்புறத்து வட்டத்தில் பெரிய கட்சிக்காரர்கள் சின்ன கட்சி வேட்பாளருக்குப் போடுவது. இதுதான் பேச்சு. நீங்கள் கூடத்தின் நடுவே நின்று சொன்னீர்கள்: "என் பேரு சும்மா அதுல கிடக்கும். யாரும் கண்டுக்காதீங்க. டீச்சருக்குப் போடுங்க."

பாய்லர் அண்ணன் நம்பவில்லை. 'வெளியில் தலையாட்டுவார்கள், திரைக்குள் போனதும் தங்கள் ஆளுக்கே குத்துவார்கள். உள்ளே யார் எட்டிப் பார்ப்பது?' என்று அவருக்கு உறக்கம் கெட்டது. நீங்கள் உங்கள் ஆட்களோடு சிரித்துப் பேசினால் சதி என்று தோன்றியது. பேசாமல் இருந்தால், அதைவிடப் பெரிய சதி என்று தோன்றியது.

முடிவு வந்தது. அந்தப்புறத்து வட்டத்தில் சின்ன கட்சி நன்றாகவே வென்றது. இங்கே டீச்சர் மூச்சுத் திணறி, நூலிழையில் கரையேறினார். உங்களுக்கோ, ஓட்டே கேட்காத உங்களுக்கோ, முன்பு ஓட்டுக் கேட்டு அலைந்தபோது விழுந்ததைவிட அதிகம்! எண்ணும் அறையிலிருந்து அண்ணன் சிவந்த முகத்தோடு வந்தார். தேநீர் நேரத்தில் அத்தனை பேர் முன்னாலும் கத்தினார்: "அங்க நாங்க சொன்னபடி செஞ்சோம். இங்க நீங்க முதுகுல குத்திட்டீங்க. டீச்சர் தோத்திருந்தா இந்தக் கூடமே போயிருக்குமே, நெஞ்சுல ஈரம் இருக்கா உங்களுக்கு?"

நீங்கள் உங்கள் ஆட்கள் பக்கம் திரும்பினீர்கள். வீடு வீடாகப் போய், "நீ எனக்கா போட்ட? உண்மையச் சொல்லு" என்று கேட்டீர்கள். தள்ளுவண்டி மாமா உங்கள் கட்சியின் மூத்த உறுப்பினர். அவர் கண்கலங்கித் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். நீங்கள் நம்பவில்லை. கட்சிப் பொறுப்பைத் தூக்கி எறிந்தீர்கள். கடைசியில் தங்கையிடம் கேட்டீர்கள். அவர் டீச்சருக்குத்தான் போட்டேன் என்றார். "கூடப் பொறந்த பாசத்துல நீதான் முதல்ல எனக்குப் போட்டிருப்ப. உன்னைப் பாத்துத்தான் மத்தவங்களும் போட்டிருப்பாங்க" என்று சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டீர்கள்.

இனி இந்த மடல் எழுதிய கதை. போன வாரம் தையல் அறையில் கூடினோம். பாய்லர் அண்ணன், கிழிசல் தைக்கும் சித்தி, உலர்த்தி இயக்குபவர் ஆகிய மூவரும் பெரிய கட்சி. எதிரே தள்ளுவண்டி மாமா, மூவரையும் ஓரக்கண்ணால் அளந்தபடி. 'சொன்ன சொல் தவறாத செம்மலே' என்ற வரி வந்தது.

"அதை அடிங்க" என்றார் அண்ணன். "வேற என்ன வேணா எழுதுங்க. இதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

சித்தி தைத்துக்கொண்டிருந்த தலையணை உறையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்: "அடிக்காதீங்க. அக்காவுக்கு ஓட்டுப் போட்டது நான்."

"நீயா? நீ நம்ம கட்சி!"

"கட்சிதான். அதுக்கென்ன? இத்தனை வருஷம் கூட நின்னவங்க, அவங்க பேருக்கு நேரா முட்டை விழுந்தா பாக்கச் சகிக்குமா? அவங்க ஆளுங்கதான் மொத்தமா டீச்சருக்குப் போடுறாங்களே, என் ஒண்ணு போனா குடியா முழுகிடும்னு போட்டேன்."

உலர்த்திக்காரர் தொண்டையைச் செருமினார். "நானும்தான். நான் மட்டும்தான்னு நினைச்சேன்."

"அடப்பாவிகளா!" என்று எழுந்துவிட்டார் தள்ளுவண்டி மாமா. "எட்டு மாசமா என்னைத் துரோகின்னு பேச விட்டுட்டு இங்க உக்காந்து ஊசி நூல் கோத்தீங்களா? என் அக்கா மாதிரி இருந்தவங்க என் மூஞ்சியில முழிக்கிறதில்லை. தெரியுமா உங்களுக்கு?"

சித்தியும் உலர்த்திக்காரரும் தலை குனிந்தார்கள். தங்கள் ஒற்றை ஓட்டு அத்தனை பெரிய கூட்டமாகும் என்று அவர்கள் எண்ணவில்லை. மீதியெல்லாம் துரோகிகளுடையது என்றே அவர்களும் நம்பியிருந்தார்கள். பாய்லர் அண்ணன் வெளியே போய்க் கொதிகலன் அருகே வெகுநேரம் நின்றார். திரைக்குள் நின்ற நிமிடம் அவருக்கு நினைவு வந்தது. மனைவி பிரசவத்தில் பிழைப்பாரோ மாட்டாரோ என்று கிடந்தபோது அவருடைய வேலை முறையையும் சேர்த்துப் பார்த்தது நீங்கள். உங்கள் பெயரைப் பார்த்ததும் அதுதான் அவருக்குத் தோன்றியது. முத்திரை தானாகக் குத்திக்கொண்டது. தன்னுடையது நன்றி, மற்றவர்களுடையது சதி என்று இத்தனை மாதமாக ஒரு கணக்கு வைத்திருந்தார் மனிதர்!

திரும்பி வந்து, "என்னோடதும் ஒண்ணு" என்றார்.

ஆனால் அவர் பாய்லர் அண்ணன் அல்லவா! அதையும் தட்டிப் பார்க்காமல் விடுவாரா? சலவைக்கூடம், சமையற்கூடம், ஊழியர் குடியிருப்பு என்று ஒவ்வொரு பெரிய கட்சிக்காரரையும் தனியே ஓரங்கட்டி விசாரித்தார். "பாவம், அக்காவுக்கு ஒண்ணு" என்று சொல்லாத வீடு குறைவு. உங்களுக்கு விழுந்த ஓட்டுக்கு அதுவே போதும், மிச்சமும் வரும். டீச்சரைக் கரையேற்றியது உங்கள் ஆட்கள், அக்கா. அவரைக் கவிழ்க்கப் பார்த்தது நாங்கள், அதுவும் உங்கள் மேல் வைத்த பாசத்தால்! இதைக் கேட்ட பெரிய கட்சி அலுவலகம் இப்போது எங்களைத்தான் ஒரு மாதிரியாகப் பார்க்கிறது. அது போகட்டும், பழி உங்கள் மேல் கூட்டத்தில் விழுந்தது, கூட்டத்திலேயே கழுவப்பட வேண்டும் என்றுதான் இதை ஒலிபெருக்கியில் வாசிக்கிறோம். வாசிக்கும் குரல் பாய்லர் அண்ணனுடையது. அவராகக் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை.

சொன்ன சொல் தவறாத செம்மலே! அந்த வரியை நாங்கள் அடிக்கவில்லை. இனி விடியற்காலைச் சங்குக்கு எழ வேண்டாம். வெயில் முகத்தில் அடிக்கும் வரை உறங்குங்கள். முழங்கால் வலி மறக்கும்படி மெல்ல நடங்கள். உடலில் வலுவும் நாவில் இந்தக் காரமும் குறையாமல், எங்கள் பேரப்பிள்ளைகள் ஓட்டுப் போடும் காலத்திலும் நின்று அவர்களை அதட்டுங்கள்! இதெல்லாம் அடுத்த தேர்தலுக்கு வீசும் தூண்டில் என்று நினைப்பீர்கள். நினையுங்கள், நாங்களும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

இந்த மடலை உங்கள் கையில் தர மேடையேறி வருகிறவர் உங்கள் தங்கை. அன்று முத்திரையை உங்கள் பெயர்வரை கொண்டுபோய், நீங்கள் சொன்னீர்கள் என்பதற்காகவே அங்கிருந்து எடுத்ததாகச் சித்தியிடம் சொல்லி அழுதிருக்கிறார்.

வாங்கிக்கொள்ளுங்கள், அக்கா. அவர் உங்களுக்கு ஓட்டுப் போடவில்லை.

என்றும் உங்கள் அதட்டலுக்குக் கட்டுப்பட்ட,
சலவைக்கூடத் தொழிலாளர்கள்
(இரு கட்சியாரும், கலந்து நின்று)