ரங்கூனிலிருந்து வந்த பல்சக்கரம்

— பொட்டலத்து முடிச்சு அவிழ மாட்டேங்கு, உலகம்மை. கத்தி எடுக்கட்டா?

— வேண்டாம் தாணு அண்ணே, இங்க தாங்க. நான் அவிழ்க்கேன்.

— அழுக்குக் கயிறு, அதுல ஒரு செம்பு மணி வேற. அறுத்தா என்ன? உன் வீட்டுக்காரன் ரங்கூன்ல இருந்து குடுத்தனுப்பினது கயிறா, சக்கரமா?

— அவிழ்ந்திட்டு. இந்தாங்க. கயிறு என்கிட்ட இருக்கட்டும்.

— அட, புதுசும் பழசும் சேர்ந்தே இருக்கு! பழசைப் பாரு, கேட்டியா, பல்லெல்லாம் தேஞ்சு கொக்கி மாதிரி வளைஞ்சு போச்சு. இந்தக் காருக்குப் புதுசு தேடி, இதைக் கையில வச்சுக்கிட்டு சாலைக் கடைத்தெருவுல அவன் ஏறாத கடை இல்ல. கடைக்காரன்மாரு 'பல்லுப் பெருமாளு'ன்னே பேரு போட்டாச்சு. யுத்தத்துல சீமைச் சாமான் எங்க வரும்? இதுக்காகவே ரங்கூனுக்கு டிரைவர் வேலைக்குப் போனான், கிறுக்கன்.

— போகாண்டாம்னு சொன்னேன்.

— சொன்னா கேக்கிற ஆளா? இதைக் கொண்டு தந்த நெல்லையப்பன் என்ன சொன்னான்?

— ரங்கூன் விழுந்ததும் காடும் மலையுமா ஒண்ணாத்தான் நடந்தோம், அவரு பின்னால வாறாருன்னான். வாசல் நடையில நின்னுக்கிட்டே சொன்னான். உள்ள வாங்கன்னேன், வரல. தண்ணி குடுத்தேன், குடிக்கல. என் முகத்தையும் பாக்கல.

— அவ்வளவு தூரம் நடந்தவன், களைப்பு இருக்காதா? பெருமாளு வந்திருவான்.

— நீங்க மாட்டுங்க அண்ணே.

— மாட்டுகேன். ஆனா விஷயம் தெரிஞ்சுக்கோ, வந்ததும் அவன்கிட்ட சொல்லலாம். கீழ உள்ள இந்தச் சின்னச் சக்கரம் ரெண்டு சுத்து சுத்தினா, மேல உள்ள பெரிசு ஒரு சுத்து. ரெண்டையும் பிணைச்சிருக்கது இந்தச் சங்கிலி. அந்தக் கணக்குலதான் எஞ்சினுக்குள்ள காத்து போற வாசலும், புகை வெளிய வாற வாசலும் திறந்து மூடும். பல்லு தேஞ்சா சங்கிலி ஒரு பல்லு தாண்டிரும். பின்ன, மூச்சு இழுக்கிற நேரத்துல வாசல் மூடிக்கும்.

— மூச்சு முட்டிரும்.

— அதேதான்! கெட்டிக்காரி. இங்க பாரு, சின்னதுல ஒரு புள்ளி, பெரிசுல ஒரு புள்ளி. ரெண்டும் நேருக்கு நேரா பாக்கணும். ஆங்… பாத்தாச்சு. மணவறையில உக்கார வச்ச மாதிரி.

— ஓட்டிக் காட்டுங்க அண்ணே, சீக்கிரம்.

— பொறு, மூடியை முறுக்கணும். ரேஷன் பெட்ரோலு கொஞ்சம் ஊத்தியிருக்கேன். தள்ளி நில்லு, ஹேண்டிலைச் சுத்தப் போறேன்… இன்னொருக்கா… ஏ! கேட்டியா? பழைய சலசலப்பு ஏதாச்சும் இருக்கா? என்ன சீரா ஓடுது! இனி பெருமாளு வந்து உக்காந்தாப் போதும்.

— போதும். அணைச்சிருங்க.

— அணைச்சாச்சு. எத்தனை நாளு கட்டை மேல கிடந்த வண்டி, ஒரு சிரிப்பு கூட வரல்லியே உனக்கு? அந்தக் கயிறை ஏன் இப்படி இறுக்கிப் பிடிச்சிருக்க? கை சிவந்து போச்சு பாரு.

— அவிய ஆசைப்பட்ட வண்டி, ஒருக்கா ஓடட்டும்னுதான் வாயைத் திறக்கல. இந்த மணி நான் கோத்தது. அவிய கப்பலேறப் போன அன்னைக்கு நான் குடுத்த அரைஞாண் அண்ணே இது, கத்தியால அறுத்திருக்கு. பொணத்தைக் குளிப்பாட்டையில இல்லாம வேற எப்பம் இதை ஒரு ஆம்பளை இடுப்புல இருந்து அறுப்பாங்க?