செண்பகம் அம்மையார் காத்த உறக்கம்

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, மருத்துவமனைத் தோழர்களே, திண்டிவனத்திலும் விழுப்புரத்திலுமிருந்து வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

நம் தலைமைச் செவிலியர் செண்பகம் அம்மையார் மறைந்துவிட்டார். நம்பத்தான் முடிகிறதா?

நான் குழாய் வைக்கும் டாக்டர். பித்தக்குழாய் அடைத்து, மஞ்சள் ஏறி வருபவர்களுக்கு, விலா வழியே ஈரலுக்குள் ஊசி செலுத்தி, மெல்லிய குழாய் வைத்துப் பித்தத்தைப் பையில் வடிய விடுவேன். இருட்டறைத் திரையில் பித்தக்குழாய்கள் கிளை கிளையாகத் தெரியும். பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும். படம் நன்றாக வந்தால் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்விடுவேன். அவ்வளவு கர்வம் எனக்கு!

1999இல் கோலியனூரிலிருந்து அந்தோணிசாமி வந்தார். விவசாயக் கூலி. புற்று முற்றிப் பித்தவழியை அடைத்திருந்தது. மஞ்சள் ஏறினால் உடம்பெல்லாம் அரிக்கும். வேர்க்கடலை அடைக்கும் மல்லாட்டைச் சாக்கில் முதுகைத் தேய்த்துத் தேய்த்துத் தோலே உரிந்திருந்தது. “சாவு வந்தா வரட்டும் டாக்டரே, ஒரு நாள் தூங்கணுங்க” என்றார். கேட்டேன், மனதில் வாங்கிக்கொள்ளவில்லை.

குழாய் வைத்த மூன்றாம் நாள் மதியம் வார்டுக்குப் போனேன். வார்டே கனவுக்குள் இருப்பது போலிருந்தது. மின்விசிறி மட்டும் சுற்றியது. சாப்பாட்டு வண்டி வாசலோடு நின்றுவிட்டது. எல்லாரும் ஜாடையில் பேசினார்கள். அந்தோணிசாமி வாய் திறந்து உறங்கிக்கொண்டிருந்தார். புரண்டால் குழாய் மடங்கும், பித்தம் தேங்கும். ஆகவே அம்மையார் ஸ்டூலில் அமர்ந்து, குழாயைக் கையில் ஏந்தி, அவர் புரண்ட பக்கமெல்லாம் கையை நகர்த்திக்கொண்டிருந்தார். வயிற்றைத் தொட்டுப் பார்க்கப் போனேன்.

“எழுப்பாதீங்க டாக்டர். நாலு மாசமா தூங்காத மனுசன். நான் பாத்துக்கினுதான் இருக்கேன்.”

எவ்வளவு நேரம்? சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்! தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இதோ முன்வரிசையில் இருக்கும் அவர் மனைவி சவுரியம்மாளும் சுவரில் சாய்ந்து தூங்கிப்போனார். அதன்பின் அந்தோணிசாமி ஏழு மாதம் இருந்தார். நோயை வெல்ல முடியவில்லை. உறக்கத்தைத் திருப்பிக் கொடுத்தோம். கொடுத்தது நானா, அம்மையாரா? இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன், அம்மையார்தான்.

அதிலிருந்து பதின்மூன்று ஆண்டுகள், குழாய் வைத்த ஒவ்வொருவரின் முதல் உறக்கத்துக்கும் அவர் காவல் இருந்தார். யாரும் சொல்லிச் செய்யவில்லை. எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை.

திங்கட்கிழமை விக்கிரவாண்டிக்காரர் ஒருவருக்குக் குழாய் வைத்தேன். சற்று முன்தான் கண் அயர்ந்தாராம். அதனால்தான், அம்மையார் மேல் உயிரையே வைத்திருந்த நம் செவிலியர் அமலா இங்கே இல்லை. வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

அம்மையாரே, உங்கள் வேலையை நாங்கள் விடமாட்டோம். வார்டு பக்கத்தில்தான் இருக்கிறது. அமலா வந்து உங்களுக்கு மலர் வைக்கட்டும். அந்த ஸ்டூலில் உட்கார நான் போகிறேன்.